ஒரு மணி என்றால் இரண்டு மணி

ட்ரம்போலின் மண்டபம் டோர்ட்மண்டின் ஓரத்தில், கார் திருத்தும் பட்டறைகளுக்கும் ஒரு பெரிய தரைவிரிப்புக் கடைக்கும் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தத் தெருவில் அது ஒன்றுதான் திறந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் மண்டப வளவுக்குள் திரும்பியபோது சாம்பல் நிறச் சிறிய கார் ஒன்று வெளியே வந்தது. கணவர் நிறுத்தி வழிவிட்டார். ஓட்டிவந்த பெண் கையை உயர்த்தி நன்றி காட்டினார். பின் இருக்கையில் ஒரு பிள்ளை முகத்தை மறுபக்கம் திருப்பியபடி இருந்தது. அதன் மடியில் பச்சைத் தாள் சுற்றிய பெட்டி ஒன்று தெரிந்தது.

என் மகள் அந்த நேரம் முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, "இப்ப எத்தினை மணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் காரைப் பார்க்கவில்லை.

அன்று அவளுக்குப் பதினொரு வயது நிறைந்தது. கோடை விடுமுறையில் பீலெஃபெல்டிலிருந்து டோர்ட்மண்டுக்கு வீடு மாறியிருந்தோம்; கணவருக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது. புதிய பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்தவர்கள். இவள் தனியாகப் போனாள். இடைவேளையில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், "வெளியில" என்பாள். யாரோடு என்று கேட்டால், "எல்லாரோடயும்" என்பாள். ஒருவரோடும் இல்லை என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கு விளங்கியது. இலையுதிர்கால விடுமுறைக்குப் பிறகு அவளுடைய பேச்சில் ஒரு பிள்ளை வரத் தொடங்கினாள். முதலில் அந்தப் பிள்ளையின் பென்சில் பெட்டி வந்தது. பிறகு அவள் வீட்டு நாய். அதற்கும் பிறகுதான் பெயர் வந்தது.

பிறந்தநாளுக்கு வகுப்பில் ஐந்தாறு பேரைக் கூப்பிடலாம் என்றோம். ஒருத்தி போதும் என்றாள்.

"அஞ்சு பேரைக் கூப்பிட்டு ஒருத்தரும் வராட்டி?"

"ஒருத்தியைக் கூப்பிட்டு அவளும் வராட்டி?" என்று கணவர் பகிடியாகக் கேட்டார்.

"அவள் வருவாள்," என்றாள். சிரிக்கவில்லை.

மற்றவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், அவருடைய பிள்ளைகள், இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பின்னேர வேலை. அதனால் மண்டபத்தில் இடம் பதிவதையும் எல்லாருக்கும் அறிவிப்பதையும் கணவர் எடுத்துக்கொண்டார்.

கணவரின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கொண்டாட்டம் இரண்டு மணிக்கு என்றால் சொந்தக்காரர்களுக்கு ஒரு மணி என்று சொல்லுவார்கள். கலியாணமானாலும் பிறந்தநாளானாலும் இதுதான். யாரும் இதைப் பொய் என்று எண்ணுவதில்லை. உலையில் ஆட்கணக்குக்கு மேலே ஒரு பிடி அரிசி கூடப் போடுவதைப் போன்றது. மண்டபத்தில் எங்கள் முறை இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். பிந்தி வருகிறவர்களுக்கு அந்த நேரம் போனதுதான். அடுத்த குழு கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கும். எனவே கணவர் ஒரு மணி என்று அறிவித்திருந்தார். நாங்கள் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதையே அவர் கெட்டித்தனமாகக் கருதினார்.

வரும் வழி முழுவதும் அவருடைய தொலைபேசி ஓயவில்லை. "எந்த வெளிவழியால இறங்கவேணும்?" "கார் விட இடம் இருக்கோ?" கணவர் ஒவ்வொருவருக்கும், "ஓம், ஓம், நாங்கள் வந்திட்டம், எல்லாரும் வந்திட்டினம், நீங்கள்தான் பிந்தி," என்று சொன்னார். அப்போது நாங்கள் இன்னும் நெடுஞ்சாலையில்தான் இருந்தோம். இடையில் பெயரில்லாத ஓர் இலக்கம் இரண்டு தரம் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமையில ஆர் இது? விளம்பரக்காரராயிருக்கும்," என்று வெட்டிவிட்டார்.

மண்டபத்துக்குள் ரப்பரும் வியர்வையும் பொரித்த உருளைக்கிழங்கும் சேர்ந்த மணம். கூரை உயரத்தில் இரும்பு விட்டங்கள். அவற்றின் கீழே வரிசை வரிசையாக இழுத்துக் கட்டிய கறுப்பு வலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. நிற்கிற இடத்தின் தரைகூட மெதுவாக அதிர்ந்தது. ஒலிபெருக்கி ஒவ்வொரு நிறமாகக் கூப்பிட்டது. மஞ்சள் கைப்பட்டிக்காரர்கள் வெளியே வரவேண்டும், நீலக் கைப்பட்டிக்காரர்கள் தயாராகவேண்டும். எங்களுக்குப் பச்சை.

உள்ளே போவதற்கு அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த காலுறை கட்டாயம். மச்சாள் ஒரு பை நிறையப் பழைய காலுறைகள் கொண்டுவருவார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் வீட்டு அலுமாரியில் அதற்கென்றே ஓர் இழுப்பு லாச்சி இருக்கிறது. ஆனால் மகள் தன் சிநேகிதிக்குப் புதிய சோடி வாங்கவேண்டும் என்று நின்றாள். வாங்கினோம். தன் காலுறையைப் போட்டுக்கொண்டு, மற்றச் சோடியைச் சுருட்டிக் கையில் வைத்தபடி கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

இரண்டு மணி கழிந்து சில நிமிடங்களில் மச்சாள் வந்தார். பின்னால் பிள்ளைகள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ரோல்ஸும் பற்றிஸும்.

"வெளிச்சாப்பாடு கொண்டு வர ஏலாது எண்டு எழுதியிருக்கு அக்கா," என்றார் கணவர்.

"மூடித்தானே கிடக்கு. ஆர் இப்ப சாப்பிடப் போயினம்?"

"மணக்குது அக்கா."

"மணத்துக்கும் காசு கேக்கினமோ?"

பெட்டி காருக்குத் திரும்பிப் போனது. பிள்ளைகள் காலுறைப் பையைத் தரையில் கொட்டி, ஆளுக்கு இரண்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என் மகளை ஒருத்தி கையில் பிடித்து இழுத்தாள். "வாறன், நீங்கள் போங்கோ," என்றாள் இவள். கதவை விட்டு அசையவில்லை.

ஒவ்வொரு தரம் அந்தக் கதவு திறக்கும்போதும் குளிர்காற்று வந்தது. யாரோ ஒரு குடும்பம் வரும். அவள் எட்டிப் பார்ப்பாள். மறுபடி சுவரில் சாய்வாள். சுருட்டிய காலுறையை வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாற்றுவாள். நான் ஒரு தேநீர் வாங்கினேன், குடிக்கவில்லை. எழுந்துபோய்க் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து இருந்தேன், மறுபடி எழுந்தேன். மச்சாள், "நீ ஏன் அந்தரப்படுறாய், இரன்," என்றார். என்னால் இருக்க முடியவில்லை.

"அவையளும் எங்கட ஆக்கள் மாதிரிப் பிந்தலாம்தானே," என்றார் கணவர்.

ஜெர்மன்காரர்கள் பிந்தமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் இந்த நாட்டில் பிறந்தவள்.

நான் யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். மரண அறிவித்தல்கள் என் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். அவற்றில் மூன்றை மட்டும் கடைசியில் இன்னொரு தரம் பார்ப்போம்: பெயர், இடம், நேரம். நேரம் பிழைத்தால் தகனம் முடிந்த பிறகு ஆட்கள் சுடலைக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. நான் கணவரிடம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன எழுதி அனுப்பினீங்கள்? காட்டுங்கோ."

"இடமும் நேரமும்தான். உமக்கு எல்லாம் சந்தேகம்." தொலைபேசியை நீட்டினார்.

சொந்தக்காரர்களுக்குத் தமிழில் எழுதியதை அப்படியே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார். நல்ல ஜெர்மன். இடம் சரி. நேரம் ஒரு மணி.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திரும்ப வாங்கினார். தானும் வாசித்தார். பிறகு அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பெயரில்லாத அந்த இலக்கமும் செய்தி போன இலக்கமும் ஒன்று. அதை அவர் பெயர் போட்டுச் சேமித்து வைக்கவில்லை.

நான் வரவேற்பு மேசைக்குப் போனேன். காதில் ஒலிவாங்கி மாட்டிய இளம் பெண் ஒருத்தி நின்றாள். ஒரு தாயும் ஒரு பிள்ளையும் இங்கே காத்திருந்தார்களா என்று கேட்டேன். ஆம் என்றாள். பச்சைப் பரிசுப் பெட்டியோடு, அந்த மர வாங்கில் இருந்தார்கள். ஒரு மணிக்கு முன்னமே வந்துவிட்டார்கள். பிறந்தநாள் என்றார்கள், பெயரைச் சொன்னார்கள், தேடிப் பார்த்தேன், அந்தப் பெயரில் இன்றைக்கு ஒன்றும் இல்லை. நாள் மாறியிருக்கலாம் என்று சொன்னேன், போய்விட்டார்கள் என்றாள்.

எந்தப் பெயர் என்று நான் கேட்கத் தேவையில்லை. எங்கள் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பனின் பெயர். கணவரின் பெயருக்குப் பின்னால் வருவது அவருடைய தகப்பனின் பெயர். எங்கள் வீட்டு அழைப்பு மணியில் இரண்டு குடும்பப் பெயர்கள் எழுதியிருக்கின்றன. தபால்காரர் இரண்டு குடும்பங்கள் இருப்பதாகவே நினைத்திருந்தார். கணவர் தன் பெயரில் இடம் பதிந்திருந்தார். அந்தத் தாய் பள்ளியில் என் மகளுக்கு உள்ள பெயரைச் சொல்லியிருக்கிறார். நேரமும் பிழை, பெயரும் இல்லை. இடம் ஒன்றுதான் சரியாக இருந்தது. அங்கேதான் அந்தப் பிள்ளை வந்து காத்திருந்தாள்.

சாம்பல் நிறக் கார் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு நாங்கள் வழிவிட்டிருந்தோம்.

திரும்பியபோது மகள் எனக்குப் பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவள் வந்தவள்," என்றாள். ஒரு கணம் அவள் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்றே எனக்குத் தோன்றியது. பிறகு அது போய்விட்டது. "வந்தவள். நாங்கள்தான் இல்லை."

கணவர் ஒரு மேசையில் குனிந்து இருந்து தொலைபேசியில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் அழைத்துப் பார்த்தாராம், எடுக்கவில்லையாம். மகள் அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தாள். நெடுஞ்சாலையில் விபத்து, பெரிய நெரிசல், அசைய முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

"நெரிசல் இல்லையே அப்பா."

"அது சும்மா ஒரு காரணம் பிள்ளை. எல்லாரும் சொல்லுறதுதான்."

"நாளைக்கு அவள் என்னட்டக் கேப்பாள். எந்த நெடுஞ்சாலை எண்டு கேப்பாள். அவளின்ர அம்மா ஃபோனில தேடிப் பார்ப்பா."

"அப்ப என்னத்தை எழுத? எங்கட ஆக்கள் நேரத்துக்கு வரமாட்டினம், அதால எல்லாருக்கும் பொய் நேரம் சொல்லுறனாங்கள் எண்டோ? வெக்கமாயிருக்காதே?"

"ஆருக்குப் பொய் நேரம்?" என்றார் மச்சாள்.

அவர் அடுத்த மேசையில் சப்பாத்துகளுக்கும் குளிர்ச் சட்டைகளுக்கும் காவல் இருந்தார். நாங்கள் அவரை மறந்துவிட்டோம்.

கணவர் தொண்டையைச் செருமினார். "இல்லை அக்கா, இது உங்களுக்கு ரெண்டு மணிதான். நான் ஒரு மணி எண்டு..."

"எனக்குத் தெரியும்தானே."

"என்ன தெரியும்?"

"நீ ஒண்டு எண்டா அது ரெண்டு. உன்ர கலியாணத்திலயிருந்தே தெரியும். நான் பத்து மணி முகூர்த்தமெண்டு விடியவெள்ளன எழும்பிச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்து, பூட்டின மண்டபத்துக்கு முன்னால நிண்டனான். அதுக்குப் பிறகு நீ சொல்லுற நேரத்தோட ஒண்டைக் கூட்டித்தான் வெளிக்கிடுறது. மற்றவையும் அப்பிடித்தான். கேட்டுப் பார்."

"அப்ப நான் ஏன் கஷ்டப்பட்டு..."

"அதைத்தான் நாங்களும் யோசிக்கிறனாங்கள். இந்த மனிசன் உள்ள நேரத்தைச் சொன்னால் என்னவாம்?"

வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். சொந்தம் முழுவதும் அறிந்து, கழித்துக் கூட்டி, சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கணக்குத் தெரியாமல் சொன்ன நேரத்தை நம்பி வந்தவள் ஒருத்திதான்.

மகள் தகப்பனின் கையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. எழுதாமல், குரலாகப் பதிவு செய்தாள். ஜெர்மன் மொழியில், நேராக, மூச்சு விடாமல் பேசினாள். அவள் சொன்னது ஏறக்குறைய இதுதான். எங்கள் குடும்பத்தில் இரண்டு மணி என்றால் ஒரு மணி என்று சொல்வோம், அது எல்லாருக்கும் தெரியும். அப்பா உங்களுக்கும் அப்படியே அனுப்பிவிட்டார். நீங்கள் எங்கள் குடும்பம் இல்லை என்பதை மறந்துவிட்டார். நான் ஒன்றரையிலிருந்து கதவடியில் நிற்கிறேன்.

அனுப்பிவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள். கணவர் அதைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தது. கேட்ட அடையாளம் வரவில்லை. உள்ளே எங்கள் பிள்ளைகள் முகம் சிவக்கக் குதித்தார்கள். ஒலிபெருக்கி ஏதோ ஒரு நிறத்தைக் கூப்பிட்டது. "நீயும் போய்க் கொஞ்சம் குதியன் பிள்ளை, காசு குடுத்ததெல்லே," என்று மச்சாள் ஒரு தரம் சொன்னார். இவள் தலையை அசைத்தாள். நான் மேசையைச் சுற்றி நடந்தேன். யாரோ விட்டுப்போன உருளைக்கிழங்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தொலைபேசியின் திரை அணையப்போகும் ஒவ்வொரு தரமும் கணவர் அதை விரலால் தட்டிவிட்டார். கேட்ட அடையாளம் வந்த பிறகும் பதில் வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பச்சைக் கைப்பட்டிக்காரர்களை வெளியே வரச் சொன்னபோதுதான் பதில் வந்தது. அந்தத் தாயின் செய்தி சுருக்கமாக இருந்தது. தன் மகள் காரில் அழுதாள், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள், போன பள்ளியில் அவளுக்கு அப்படி ஒன்று நடந்திருக்கிறது. இப்போது உங்கள் பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்கிறாள். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?

மகள் வீட்டு விலாசத்தை எழுதினாள். அழைப்பு மணியில் எந்தப் பெயரை அழுத்தவேண்டும் என்பதையும் எழுதினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் வேகத்தைக் கூட்டினார். நாங்கள் மேசையில் கேக்கை வைத்துத் தட்டுகளை அடுக்கி முடிக்கும் முன்னமே மணி அடித்தது. படியேறி வந்த பிள்ளைக்கு நீளமான மெல்லிய முகம். மூக்கு நுனி இன்னும் சிவந்திருந்தது. பச்சைப் பெட்டியை இரு கைகளாலும் நீட்டினாள். என் மகள் அதை வாங்கிக்கொண்டு, சுருட்டிய காலுறையை அவளிடம் நீட்டினாள். இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

கூட வந்த தாய் மேல்சட்டையைக் கழற்றவில்லை. கணவர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, "எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போகட்டும்?" என்றார்.

கணவர் வாயைத் திறந்தார். ரோல்ஸ் தட்டோடு வந்த மச்சாள் சமையலறை வாசலில் அப்படியே நின்றார்.

"ஐந்து," என்றார் கணவர்.

"அப்பா, எந்த அஞ்சு?" என்று மகள் தமிழில் கேட்டாள்.

"உண்மையான அஞ்சு."

மச்சாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவருடைய தோள்கள் குலுங்கின. அந்தத் தாய்க்கு எதுவும் விளங்கவில்லை. ஐந்து, சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேக் வெட்டினோம். சிநேகிதி ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள், பிறகு இன்னொன்றை எடுத்தாள். அறைக்குள் போனார்கள். நாயைப் பற்றிப் பேசுவது கேட்டது. ஆனால் என் மகள் அடிக்கடி வெளியே வந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஐந்துக்கு இன்னும் நல்ல நேரம் இருக்கும்போதே சிநேகிதியின் சட்டையையும் சப்பாத்தையும் எடுத்து வைத்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றாள் அந்தப் பிள்ளை.

"பரவாயில்லை. கீழே போய் நிற்போம்."

தன் பிறந்தநாளில் மிச்சமிருந்ததை அவளே வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்க நினைத்தேன், தடுக்கவில்லை. இருவரும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள்.

சிறிது நேரத்தில் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப் என்று ஒன்று. பிறகு இன்னொன்று. நான் படிக்கட்டின் கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தபால் பெட்டிகளுக்குக் கீழே சிநேகிதியின் சப்பாத்துச் சோடி இருந்தது. இருவரும் ரப்பர்ப் புள்ளிக் காலுறையோடு கடைசிப் படிகளில் ஏறி, கையைக் கோத்து, தரையில் குதித்தார்கள். மறுபடி ஏறினார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு படி கூட. ஞாயிற்றுக்கிழமை இங்கே வீடுகள் அமைதியாக இருக்கவேண்டும்; கீழ் வீட்டு மனிதர் எந்த நேரமும் கதவைத் திறந்து சத்தம் போடலாம். நான் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன்.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. மாடிப் படிக்கட்டின் சன்னல் வழியே பார்த்தேன். சாம்பல் நிறக் கார். ஐந்தாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அந்தத் தாய் இறங்கவில்லை. முன்விளக்குகளை அணைத்துவிட்டு, கைகளை ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி உள்ளேயே இருந்தார். கீழே அவர்கள் மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். கார் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.